கோட் கோணலாகிவிட்டதா? இன்டென்ட், பிரேஸ் தகராறுகளுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் உயர்நிலைப் பிள்ளைகளுக்குப் பைத்தான் நிரல்மொழி சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற ஐந்து நாளும் அலுவலகத்தில் சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட். இரண்டு இடத்திலும் என்னிடம் வரும் புகாரில் பாதி ஒன்றேதான்: "அக்கா, எல்லாம் நேராத்தான் இருக்கு, ஆனா ஓடல." தகராறு இன்டென்டில், அதாவது வரியை உள்ளே தள்ளும் வெற்றிடத்தில் இருக்கும், அல்லது பிரேஸில், அதாவது வரிகளைச் சேர்த்துப் பிடிக்கும் நெளி அடைப்புக்குறியில் இருக்கும். திரும்பத் திரும்பப் போனில் அதையே சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிடுகிறேன். உங்களுக்கு எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். செலவில்லாத காரணம் முதலில், தலைவலி பிடித்தது கடைசியில். கட்டளைகளைப் போனில் சொல்வது போலவே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் வெற்றிடங்களைக் கண்ணுக்குத் தெரிய வையுங்கள். விஎஸ் கோட் எடிட்டரில் கன்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாலே ஸ்பேஸ் புள்ளியாகவும் டேப் அம்பாகவும் தெரியும். விம் எடிட்டர் என்றால் செட் லிஸ்ட். லினக்ஸ் டெர்மினலில் கேட் மைனஸ் பெரிய ஏ, மேக்கில் கேட் மைனஸ் இடி. டேப் இருக்கும் இடத்தில் தொப்பிக்குறியும் ஐயும் வரும், வரி முடியும் இடத்தில் டாலர் வரும். இதைச் செய்யாமல் என்னைக் கூப்பிட்டால் நான் முதலில் சொல்லப்போவதும் இதைத்தான்.

## பைத்தான் ஓடவே மறுக்கிறது

### டேப்எரர் என்கிறது

காரணம் ஒன்றுதான்: ஒரே பிளாக்குக்குள், அதாவது சேர்ந்து ஓடும் வரிக் கூட்டத்துக்குள், டேப்பும் ஸ்பேஸும் கலந்துவிட்டன. என் வகுப்பில் இது வருவது எப்போதும் ஒரே வழியில். பள்ளியில் ஐடில் என்ற பைத்தான் எடிட்டரைத் திறந்து எழுதுகிறார்கள், அதில் டேப் விசையைத் தட்டினால் 4 ஸ்பேஸ் விழும். வீட்டுக்கு வந்து அண்ணனுடைய மடிக்கணினியில் நோட்பேடில் அதே கோப்பைத் திறந்து இரண்டு வரி சேர்க்கிறார்கள், அங்கே அதே விசை நிஜமான டேப்பைப் போடும். பைத்தான் 3 "டேப் எத்தனை அகலம் என்று நான் ஊகிக்க மாட்டேன்" என்று நின்றுவிடுகிறது.

பார்க்க வேண்டியது: பைத்தான் மைனஸ் எம் டேப்நானி, அப்புறம் கோப்பின் பெயர். எந்த வரியில் குழப்பம் என்று சொல்லிவிடும். ஆனால் அது காட்டும் வரி பைத்தான் குழம்பிய வரிதான், நீங்கள் தப்பு செய்த வரி பெரும்பாலும் அதற்கு மேலே எங்கோ இருக்கும், அதனால் மேல்நோக்கித் தேடுங்கள்.

சரிசெய்ய, விஎஸ் கோடின் கீழ் வலப்பக்கத்தில் ஸ்பேசஸ் 4 என்றோ டேப் சைஸ் 4 என்றோ எழுதியிருக்கும் இடத்தைத் தட்டி, இன்டென்டேஷனை ஸ்பேஸாக மாற்று என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாற்றுவதற்கு முன் டேப் அகலம் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது தப்பாக இருந்தால் வரிகள் வேறு ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

### இன்டென்டேஷன்எரர் என்கிறது

எந்த வாசகம் வருகிறது என்று படியுங்கள், பாதிப் பேர் படிப்பதே இல்லை. "எக்ஸ்பெக்டெட் அன் இன்டென்டெட் பிளாக்" என்றால் முக்காற்புள்ளி போட்ட வரிக்குக் கீழே உள்ளே தள்ளிய வரி ஒன்றுகூட இல்லை; வெறும் கமென்ட் மட்டும் எழுதி வைத்திருந்தாலும் அது வரியாகக் கணக்கில் வராது, தற்காலிகமாக ஒன்றும் செய்யாத பாஸ் கட்டளையைப் போடுங்கள். "அன்எக்ஸ்பெக்டெட் இன்டென்ட்" என்றால் எங்கிருந்தோ ஒட்டும்போது முன்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. "அன்இன்டென்ட் டஸ் நாட் மேட்ச்" என்றால் 4 ஸ்பேஸ் உள்ளே போய்விட்டு 3 ஸ்பேஸுக்குத் திரும்பியிருக்கிறீர்கள், அப்படி ஒரு படியே மேலே கிடையாது.

### நான்பிரின்டபிள் கேரக்டர் யு பிளஸ் 00ஏ0 என்கிறது

இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினீர்கள். பார்ப்பதற்கு ஸ்பேஸ், ஆனால் அது வரி உடையாமல் இருக்கப் போடும் வேறு ஓர் எழுத்து. அந்த வரியின் தொடக்கத்தை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள். நிறைய இருந்தால் அந்த ஒன்றை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டி, எல்லாவற்றையும் சாதாரண ஸ்பேஸாக மாற்றிவிடலாம். 30 வரிப் பயிற்சிக் கணக்குக்கு இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டாம், திரும்ப எழுதுவதே சீக்கிரம்.

### இத்தனையும் பார்த்தாயிற்று, அது பழைய பைத்தான் 2 ஸ்கிரிப்ட்

இங்கே கையை எடுத்துவிடுங்கள். பைத்தான் 2 டேப்பை அடுத்த 8இன் மடங்குக்குக் கொண்டுபோய்க் கணக்கிட்டு, கலந்திருந்தாலும் சத்தமில்லாமல் ஓட்டிவிடும். உங்கள் எடிட்டரோ டேப்பை 4 அகலமாகக் காட்டுகிறது. அதாவது திரையில் லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) இருப்பது போலத் தெரியும் வரி இத்தனை வருடமாக லூப்புக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது நேர்மாறாக. எக்ஸ்பேண்ட் என்ற கட்டளை இயல்பாகவே 8 அகலம் வைத்து மாற்றும், அதனால் பழைய அர்த்தம் மாறாது. ஆனாலும் அந்த ஸ்கிரிப்ட் சம்பளக் கணக்கோ இருப்புக் கணக்கோ போடுகிறது என்றால், அதைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

## ஓடுகிறது, ஆனால் விடை தப்பு

### பைத்தான்: முதல் பொருளோடு நின்றுவிடுகிறது

விடையைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லூப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு படி வெளியே தள்ளுங்கள். விடை பத்து முறை அச்சாகிறது என்றால் பிரின்டுக்கும் இதே கதை. எல்லாப் பிள்ளைகளும் ஒரு முறையாவது இதில் விழுகிறார்கள்.

### சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட்: இஃப் நிபந்தனை பொய்யானாலும் அந்த வரி ஓடுகிறது

பிரேஸ் இல்லாத இஃப். முதல் வரி மட்டும்தான் இஃப்புக்குச் சொந்தம். இரண்டாவது வரியை எவ்வளவு அழகாக உள்ளே தள்ளி வைத்தாலும் கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு அது அக்கறையில்லை. இது தொடக்கநிலைப் பிள்ளைகள் செய்யும் தப்பு என்று நினைத்தால், 2014 பிப்ரவரியில் ஆப்பிள் ஐஓஎஸ் 7.0.6ஐ அவசரமாக வெளியிட வேண்டிவந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் கோடில் "கோடூ ஃபெயில்" என்ற வரி இரண்டு முறை, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அளவு உள்ளே தள்ளி இருந்தது. இஃப்புக்குப் பிரேஸ் இல்லை. இரண்டாவது வரி எப்போதுமே ஓடி, கையெழுத்துச் சோதனையைத் தாண்டிப் போய்விட்டது. அந்த இரண்டு வரியையும் ஒரு பிரேஸ் சேர்த்துப் பிடித்திருந்தால் இரண்டாவது வரி வெறும் குப்பையாகக் கிடந்திருக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

சோதனை சுலபம். ஜிசிசி என்ற சி கம்பைலரின் 6ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2016இலிருந்து, மைனஸ் டபிள்யூ ஆல் போட்டால் "மிஸ்லீடிங் இன்டென்டேஷன்" என்று அதுவே எச்சரிக்கும். ஜாவாஸ்கிரிப்டில் ஈஎஸ்லின்ட் என்ற சோதனைக் கருவியின் கர்லி விதியைப் போடுங்கள். ஒரு வரியாக இருந்தாலும் பிரேஸ் போடு என்பதில் நான் பேரம் பேசுவதில்லை, மற்ற எல்லாவற்றிலும் பேசுவேன்.

நிபுணர் தேவைப்படும் இடம்: கோட் வண்டிக்குள்ளேயோ மருத்துவக் கருவிக்குள்ளேயோ போகிறது என்றால். அங்கே இது ரசனை விஷயமே இல்லை. மிஸ்ரா சி 2012 என்ற சி மொழி விதித்தொகுப்பில் விதி 15.6 பிரேஸைக் கட்டாயமாக்குகிறது, ஒரு பிரேஸ் சேர்த்தாலும் மறுபடி சோதனை, கையெழுத்து எல்லாம் உண்டு. அந்தத் துறையில் இருப்பவரைக் கேட்காமல் "சும்மா அழகுபடுத்தினேன்" என்று கமிட் போட்டு மாற்றத்தைப் பதிந்துவிடாதீர்கள்.

### ஜாவாஸ்கிரிப்ட்: ஆப்ஜெக்ட் திருப்பி அனுப்புகிறேன், அன்டிஃபைன்ட் வருகிறது

ரிட்டர்ன் ஒரு வரியிலும் திறக்கும் பிரேஸ் அடுத்த வரியிலும் இருக்கிறதா பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் ரிட்டர்னுக்குப் பக்கத்தில் தானாகவே அரைப்புள்ளி போட்டுக்கொண்டு கிளம்பிவிடும். சி ஷார்ப்பிலிருந்து வருபவர்கள் கைப்பழக்கத்தில் பிரேஸை அடுத்த வரியில் போடுவார்கள், அவர்களுக்கு இது முதல் வாரத்திலேயே நடக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி இதற்காக மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

## கம்பைலர் வெற்றிடத்தையே குறை சொல்கிறது

கோ மொழியில் திறக்கும் பிரேஸை அடுத்த வரியில் போட்டால் கம்பைல் ஆகாது. அங்கேயும் தானாக விழும் அரைப்புள்ளிதான் காரணம். பிரேஸை நீங்களே மேல் வரிக்குக் கொண்டுபோய்விட்டு, கோஎஃப்எம்டி என்ற ஃபார்மேட்டரை (வரிகளைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவியை) ஓட்டுங்கள், டேப் உட்பட மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

கம்பைல் கட்டளைகளை எழுதி வைக்கும் மேக்ஃபைலில் "மிஸ்ஸிங் செபரேட்டர்" வந்தால், கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் இருக்கிறது. அங்கே டேப்தான் வேண்டும். அமைப்புகளை எழுதி வைக்கும் யாமல் கோப்பில் நேர் எதிர், உள்தள்ள டேப் போடவே கூடாது. இரண்டும் ஒரே ரெப்போவில் (கோட் களஞ்சியத்தில்) இருந்தால் எடிட்டருக்குத் தனித்தனியாகச் சொல்லி வைக்க வேண்டும், எப்படி என்பது அடுத்த தலைப்பில்.

## ஒரு வரிதான் மாற்றினேன், டிஃப்பில் 900 வரி சிவப்பாக இருக்கிறது

அலுவலகத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் முதல் இடம் இதற்குத்தான். கமிட் போடாதீர்கள், போட்டிருந்தால் புஷ் செய்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில், பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம்தான் டிஃப். முதலில் அதை வெற்றிடம் தவிர்த்துப் பாருங்கள்: கிட் டிஃப் மைனஸ் டபிள்யூ. 900 வரி ஒரு வரியாகச் சுருங்கிவிட்டால் மிச்சம் 899உம் வெற்றிடம். சுருங்கவில்லையென்றால் ஃபார்மேட்டர் வரிகளை உடைத்தோ சேர்த்தோ வைத்திருக்கிறது, இரண்டு பத்தி தாண்டிப் படியுங்கள்.

சுருங்கியதா? கிட் டிஃப்போடு இக்னோர் சிஆர் அட் இஓஎல் போட்டு மறுபடி பாருங்கள். இதிலும் சுருங்கினால் பிரச்சினை வரி முடிவு, விண்டோஸிலும் மேக்கிலும் அதன் குறி வேறு: விண்டோஸ்காரர் ஒருவரும் மேக்காரர் ஒருவரும் ஒரே கோப்பைத் தொட்டிருக்கிறார்கள். ரெப்போவின் மேல்மட்டத்தில் டாட் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு வைத்து அதில் நட்சத்திரக்குறி, டெக்ஸ்ட் ஈக்குவல்ஸ் ஆட்டோ என்று ஒரு வரி எழுதி, கிட் ஆட் ரீநார்மலைஸ் ஒரு முறை ஓட்டி, அதை மட்டும் தனிக் கமிட்டாகப் போடுங்கள்.

இந்தச் சோதனையில் சுருங்கவில்லை, மைனஸ் டபிள்யூவில் மட்டும் சுருங்கியது என்றால் உங்கள் எடிட்டர் டேப்பை ஸ்பேஸாகவோ 2ஐ 4ஆகவோ மாற்றியிருக்கிறது. எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்று வையுங்கள். ரூட் ட்ரூ, இன்டென்ட் ஸ்டைல், இன்டென்ட் சைஸ், அப்புறம் மேக்ஃபைலுக்கு மட்டும் தனியாக டேப், யாமலுக்கு 2 ஸ்பேஸ். எட்டுப் பத்து வரியில் முடிந்துவிடும். ஜெட்பிரெயின்ஸ், விஷுவல் ஸ்டூடியோ எடிட்டர்கள் இதைத் தாமாகவே படிக்கும், விஎஸ் கோடுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட வேண்டும்.

வரிகளே உடைந்திருந்தால் ஃபார்மேட்டர். சேமிக்கும்போது ஃபார்மேட் செய் என்று உங்களிடம் இருக்கிறது, மற்றவர்களிடம் இல்லை. அல்லது எல்லோரிடமும் இருக்கிறது, ஆனால் ஆளுக்கு ஒரு பதிப்பு. இரண்டாவதுதான் கொடுமை. காலையில் ஒருவர் சேமித்ததை மாலையில் இன்னொருவர் சேமித்துத் திருப்பிவிடுவார், யார் மேலும் தப்பில்லை. பதிப்பை ரெப்போவிலேயே துல்லியமாகப் பூட்டி வையுங்கள், ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐயில் சரிபார்க்க மட்டும் விடுங்கள்.

இன்னும் தீரவில்லை, மொத்த ரெப்போவையும் ஒரே தடவையில் ஃபார்மேட் செய்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அதை நீங்களாகத் தொடங்காதீர்கள். பில்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளையும் டீம் லீடையும் கூப்பிடுங்கள். திறந்து கிடக்கும் கிளைகள் (இன்னும் சேர்க்காத தனித்தனி வேலைப் பிரதிகள்) குறைவாக இருக்கும் நாள் வேண்டும். எங்களுக்குச் சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள், பாதி அலுவலகம் காலி. அப்படியும் மிச்சமிருந்த கிளைகளுக்கு இப்படிச் செய்தோம்: ஃபார்மேட் கமிட்டுக்குச் சரியாக முந்தைய கமிட் வரை கிளையில் மெர்ஜ் செய்து சேர்ப்பது, அதே பதிப்பு ஃபார்மேட்டரைக் கிளையில் ஓட்டிக் கமிட் போடுவது, அப்புறம் ஃபார்மேட் கமிட்டை, கிளையில் இருப்பதையே வைத்துக்கொள்ளும் "அவர்ஸ்" உத்தியில் மெர்ஜ் செய்வது. ஃபார்மேட் கமிட்டில் வேறு எந்த மாற்றமும் கலந்திருக்கக் கூடாது, கலந்தால் இந்த வழி அந்த மாற்றத்தை விழுங்கிவிடும்.

## என் திரையில் நேராக, உன் திரையில் கோணலாக

தொடக்கத்தில் டேப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்று பொருத்தவும் டேப்பே போட்டிருக்கிறீர்கள். அகலம் மாறினால் கோணும், கோடை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் வேறு நெடுங்காலம் இயல்பாக டேப்பை 8 அகலமாகக் காட்டிவந்தது. பொருத்தும் பழக்கத்தையே விட்டுவிடுவதுதான் மலிவான வழி: புதிய வரியில் ஒரு படி உள்ளே தள்ளினால் போதும்.

## ரிவியூவில் பிரேஸ் சண்டை

எங்கள் குழுவில் ஒரு முறை, கோடைச் சேர்க்கும் முன் சக ஊழியர்கள் படித்துப் பார்க்கும் ரிவியூவில், 40 வரி மாற்றத்துக்கு 30க்கு மேல் கருத்துகள், அத்தனையும் பிரேஸ் எங்கே என்பது பற்றி. அந்த 40 வரிக்குள் இருந்த நிஜமான பிழையை ஒருவரும் பார்க்கவில்லை, வாடிக்கையாளர்தான் பார்த்தார். ஜாவாவில் பழகியவர், சி மொழிப் புத்தகம் எழுதிய கெர்னிகன், ரிச்சி வழியில் பிரேஸை அதே வரியின் கடைசியில் போடுவார், சி ஷார்ப்பில் பழகியவர் எரிக் ஆல்மன் என்ற புரோகிராமரின் வழியில் அடுத்த வரியில் தனியாகப் போடுவார், இருவருமே தங்களுடையதுதான் படிக்கச் சுலபம் என்பார்கள். எம்ஆர்டி ரயில் நிலைய எஸ்கலேட்டரில் நாம் இடப்பக்கம் நிற்கிறோம், ஒசாகாவில் வலப்பக்கம் நிற்கிறார்கள். ஒசாகாவில் இறங்கி இடப்பக்கத்தின் மேன்மையை யாரும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை.

முதல் சோதனை, அந்த மொழிக்கு ஏற்கெனவே வழக்கம் ஒன்று உண்டா? பைத்தானுக்குப் பெப் 8 என்ற பாணிக் கையேடு, 4 ஸ்பேஸ். கோவுக்குக் கோஎஃப்எம்டி, ரஸ்டுக்கு ரஸ்ட்எஃப்எம்டி, பேச்சே இல்லை. சி ஷார்ப்பில் விஷுவல் ஸ்டூடியோ இயல்பாகப் பிரேஸை அடுத்த வரியில் போடும், அப்படியே விடுங்கள். பிஎச்பியின் பிஎஸ்ஆர் 12இல் கிளாஸுக்கும் மெத்தடுக்கும் அடுத்த வரி, இஃப்புக்கும் லூப்புக்கும் அதே வரி. விசித்திரம்தான், ஆனாலும் அதுவே வழக்கம். ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் என்றால் பிரிட்டியர் என்ற ஃபார்மேட்டர் என்ன செய்கிறதோ அது.

இரண்டாவது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோடா? அதில் என்ன இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும். லினக்ஸ் கர்னலுக்குள் போனால் 8 அகல டேப்தான், எல்எல்விஎம் கம்பைலர் திட்டத்துக்குள் போனால் 2 ஸ்பேஸ்தான்.

மூன்றாவது, இரண்டிலும் விடை இல்லை, உதாரணமாகப் புதிதாகத் தொடங்கும் சி++ வேலை. கிளாங்ஃபார்மேட் என்ற ஃபார்மேட்டரில் ஏற்கெனவே இருக்கும் பாணிகளில் ஒன்றை 15 நிமிடத்தில் தேர்ந்தெடுத்துக் கோப்பில் எழுதிவிடுங்கள். ஒத்துவரவில்லையா, டீம் லீட் முடிவு செய்யட்டும். இந்தத் தலைப்பில் நிபுணர் என்றால் அவர்தான்.

டேப்பா ஸ்பேஸா என்பதில் மட்டும் ஒரு வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. பார்வை குறைந்த சக ஊழியர் ஒருவர் எழுத்தைப் பெரிதாக வைத்துத்தான் படிப்பார். 4 ஸ்பேஸ் அவர் திரையில் பாதியை விழுங்கிவிடும். டேப்பாக இருந்தால் தனக்கு மட்டும் 2 அகலம் வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஸ்பேஸ்தான் கைப்பழக்கம், ஆனாலும் அவர் இருக்கும் ரெப்போவை டேப்புக்கு மாற்றச் சொன்னது நான்தான். பிரிட்டியரில் யூஸ்டேப்ஸ் என்ற ஒரு வரி.

## கோட் வலது பக்கமே ஓடிக்கொண்டிருக்கிறது

8ஐ 4ஆக்கி, 4ஐ 2ஆக்கிப் பார்ப்பார்கள். அது இடுப்பு வாருக்கு இன்னொரு ஓட்டை போடுவது மாதிரி. மூன்று படிக்கு மேல் உள்ளே போனால் நிறுத்திப் பாருங்கள். கர்னல் பாணி ஆவணமும் மூன்றோடு நிறுத்தத்தான் சொல்கிறது. செய்ய வேண்டியது: தவறான நிலைகளை மேலேயே இஃப் போட்டு ரிட்டர்ன் ஆகிவிடுங்கள், உள்லூப்பைத் தனி ஃபங்ஷனாக எடுங்கள். அப்படியும் 400 வரி ஃபங்ஷன் அசையவில்லை, அதற்கு டெஸ்டும் கிடையாது என்றால், அதை எழுதியவரைத் தேடிப் பிடியுங்கள்.

## எல்லா வரியிலும் என் பெயர் இருக்கிறது

ஃபார்மேட் கமிட் போட்டவருக்கு வரும் பின்விளைவு. ஐந்து வருடக் கோடுக்கும் நீங்களே பொறுப்பு என்று, ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவரைக் காட்டும் கிட் பிளேம் சொல்லும், ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் உங்களுக்கு வரும். வெறும் உள்தள்ளல் மாற்றம் என்றால் கிட் பிளேம் மைனஸ் டபிள்யூ போதும். வரிகளும் உடைந்திருந்தால் டாட் கிட் பிளேம் இக்னோர் ரெவ்ஸ் என்று ஒரு கோப்பு வைத்து அதில் அந்தக் கமிட்டின் எண்ணை எழுதுங்கள். கிட்ஹப் அதைத் தானாகவே படிக்கும், உங்கள் கணினியில் கிட் கான்ஃபிகில் பிளேம் டாட் இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் என்று ஒரு முறை சொல்லி வைக்க வேண்டும். கிட் 2.23 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். எண்ணைச் சுருக்காமல் 40 எழுத்தும் எழுத வேண்டும், அதுவும் மெர்ஜ் ஆன பிறகு முக்கியக் கிளையில் இருக்கும் எண்ணை. பல கமிட்டை ஒன்றாக்கும் ஸ்குவாஷ் செய்தால் எண் மாறிவிடும், நான் முதல் தடவை கிளையில் இருந்த எண்ணை எழுதிவிட்டு இரண்டு வாரம் மெசேஜ்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.